கொள்ளைநோய்க் காலத்தில் குழந்தைத் தடுப்பூசி: நன்மையும் இடரும்

ஊரெங்கும் ஒரு நோய் பரவிக்கொண்டிருக்கிறது. வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள் என்று அரசு அறிவிக்கிறது. வீட்டிலோ ஒன்றரை மாதக் குழந்தை ஒன்று இருக்கிறது. அதற்குத் தடுப்பூசி போடவேண்டிய நாள் வந்துவிட்டது. குழந்தையை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போவதா, வீட்டிலேயே இருந்துவிடுவதா? 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பெங்களூரில் பல்லாயிரம் பெற்றோர் இந்தக் கேள்வியோடு இரவுகளைக் கழித்தனர். போகாதே என்றது அச்சம். போ என்றது மருத்துவம். இவ்விரண்டில் எதற்கு எவ்வளவு நியாயம் உண்டு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம் என்று எண்ணியே இதனை எழுதப் புகுந்தேன்.

நான் மருத்துவன் அல்லேன், புள்ளியியல் பயில்பவன். ஆதலின் நோயின் உள்மருமங்களைப் பற்றி இங்கே விரித்துரைக்கப் போவதில்லை. நம் சங்கத்து நண்பர்களுள் கணக்கு என்றாலே காத தூரம் ஓடுவோர் சிலர் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். அவர்கள் அஞ்ச வேண்டா. பெருக்கலும் வகுத்தலும் அறிந்தோர் எவரும் இதனைத் தொடரலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தடுப்பூசியின் இடர் என்று பேசும்போது நாம் இரண்டு வேறு பொருள்களைக் கலந்துவிடுகிறோம். ஒன்று ஊசி மருந்தினால் வரும் இடர். குழந்தைக்குக் காய்ச்சல் வரலாம். ஊசி போட்ட இடம் வீங்கலாம். மிக அரிதாக, பத்து இலட்சம் ஊசிக்கு ஒன்று என்னும் அளவில், கடுமையான ஒவ்வாமை ஏற்படலாம். இவை எந்தக் காலத்திலும் உள்ளவை. கொள்ளைநோய் வந்ததால் கூடியவை அல்ல. மற்றொன்று ஊசிக்குப் போகும் வழியில் உள்ள இடர். ஆட்டோ, மருத்துவமனைத் தாழ்வாரம், வரிசையில் நிற்கும் பிற தாய்மார், ஊசி போடும் செவிலியின் கைகள்; இவற்றின் வழியே புதிய நோய் வீட்டுக்கு வரலாம். கொள்ளைநோய்க் காலத்தில் புதிதாகச் சேர்வது இந்த இரண்டாவது இடர் மட்டுமே. எனினும் மக்கள் மனத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. கக்குவான் இருமலுக்கு எதிரான மருந்து சேர்ந்த ஊசியைப் போட்டால் அன்றிரவு குழந்தைக்குக் காய்ச்சல் காய்வது வழக்கம். ஓரிரு நாளில் அது தணிந்துவிடும். 2020-இல் அதே காய்ச்சலைக் கண்டு, மருத்துவமனையிலிருந்து கொரோனா வந்துவிட்டதோ என்று நடுங்கிய வீடுகள் எத்தனை!

மருந்துக்கும் வழிக்கும் உள்ள இந்த வேறுபாட்டை நம் நாட்டு வரலாறே ஒரு முறை கொடுமையாகக் கற்பித்திருக்கிறது. 1898 ஆகஸ்டில் பிளேக் நோய் புகைவண்டிப் பாதை வழியே பெங்களூருக்குள் வந்தது. பேட்டையின் நெருக்கமான தெருக்களில் மக்கள் மாண்டனர். பலர் வீடுகளை விட்டு வெளியேறினர். மல்லேசுவரம், பசவனகுடி ஆகிய அகன்ற தெருக்களையுடைய பகுதிகள் விரைந்து வளர்ந்ததற்கு அந்நோயும் ஒரு காரணம். அதற்கு முந்திய ஆண்டில்தான் பம்பாயில் ஹாப்கின் என்னும் அறிஞர் பிளேக் தடுப்பு மருந்தைக் கண்டு, 1897 சனவரியில் அதனைத் தம் உடம்பிலேயே முதலில் செலுத்திச் சோதித்திருந்தார். பின்னர் 1902 அக்டோபரில் பஞ்சாபிலுள்ள மல்கோவால் என்னும் சிற்றூரில் ஒரே நாளில் 107 பேருக்கு இம்மருந்து போடப்பட்டது. அவர்களுள் ஒரு குறிப்பிட்ட சீசாவிலிருந்து போட்டுக்கொண்ட 19 பேரும் இரணஜன்னி கண்டு இறந்தனர். மற்றச் சீசாக்களிலிருந்து போட்டுக்கொண்டவருக்கு ஒன்றும் நேரவில்லை. பழி ஹாப்கின் தலையில் விழுந்தது. அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அந்தச் சீசாவைத் திறக்கப் பயன்பட்ட இடுக்கி தரையில் விழுந்ததும், அதனைச் சரிவரத் தூய்மை செய்யாமல் பயன்படுத்தியதும் விசாரணையில் பேசப்பட்டன. 1907-இல்தான் அவர்மீது குற்றமில்லை என்று முடிவாயிற்று. மருந்தில் குறையில்லை, மருந்து போன வழியில் குறை. ஆனால் அந்த ஐந்து ஆண்டுகளில் ஊசியைக் கண்டு அஞ்சிய மக்களிடம் இதனை யார் போய்ச் சொல்வது?

இனி 2020-க்கு வருவோம். கர்நாடகத்தில் முதல் நோயாளி அந்த ஆண்டு மார்ச்சு மாதம் கண்டறியப்பட்டார். இந்தியாவின் முதல் கொரோனா இறப்பும் இம்மாநிலத்துக் கலபுரகியிலேயே நிகழ்ந்தது. மார்ச்சு 25-இல் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிற்று. அதற்கு அடுத்த நாளே உலக சுகாதார நிறுவனம் ஒரு நெறியை வெளியிட்டது. கூட்டம் கூட்டிப் பெருந்திரளாகப் போடும் தடுப்பு இயக்கங்களைச் சிறிது காலம் நிறுத்தி வைக்கலாம். ஆனால் நாள்தோறும் நடக்கும் வழக்கமான குழந்தைத் தடுப்பூசிப் பணியை இயன்றவரை நிறுத்தலாகாது என்பதே அதன் சாரம். ஏப்ரல், மே மாதங்களில் நம் மத்திய சுகாதார அமைச்சகமும் விதிகளை வகுத்தது. பிறந்தவுடன் போடும் ஊசிகள் எந்தப் பகுதியானாலும் நிற்கக் கூடாது. நோய் மிகுந்து அடைக்கப்பட்ட பகுதிகளில் தெருவுக்கு வந்து போடும் முகாம்கள் மட்டும் நிறுத்தப்படலாம். அப்பகுதியின் அடைப்பு நீங்கிப் பதினான்கு நாள் கழிந்தபின் அவற்றைத் தொடங்கலாம் என்பன அவ்விதிகள்.

தாளில் இருந்த விதி இவ்வாறு. தெருவில் நடந்தது வேறு. பேருந்து ஓடவில்லை. அங்கன்வாடி பூட்டியிருந்தது. வீடு வீடாக வந்து, எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி எப்போது என்று நினைவூட்டும் ஆஷா பணியாளர்கள் காய்ச்சல் கணக்கெடுக்க அனுப்பப்பட்டனர். எங்கள் வீட்டருகே இருந்த ஒரு தனியார் குழந்தை மருத்துவமனை ஆறு வாரம் கதவைத் திறக்கவே இல்லை. தொலைபேசியில் கேட்டால், எல்லாம் அடங்கியபின் வாருங்கள் என்றனர். எல்லாம் எப்போது அடங்கும் என்று கேட்டதற்கு விடை இல்லை.

விளைவு என்ன? உலக சுகாதார நிறுவனமும் யூனிசெப்பும் ஆண்டுதோறும் வெளியிடும் மதிப்பீட்டில், தொண்டை அடைப்பான், கக்குவான், இரணஜன்னி ஆகிய மூன்றுக்கும் எதிரான ஊசியை மூன்று முறையும் பெற்ற இந்தியக் குழந்தைகள் 2019-இல் நூற்றுக்கு 91. 2020-இல் அது 85 ஆயிற்று. ஆறுதானே குறைந்தது என்று தோன்றும். ஊசி கிடைக்காதவரை எண்ணிப் பாருங்கள்: நூற்றில் ஒன்பதாக இருந்தவர் பதினைவர் ஆயினர். ஒரு முறைகூட இந்த ஊசி பெறாத குழந்தைகள் 14 இலட்சத்திலிருந்து 30 இலட்சமாகப் பெருகினர். உலகம் முழுவதற்கும் எடுத்துக்கொண்டால், 2021-இல் இந்த ஊசியை முழுமையாகப் பெறாத குழந்தைகள் இரண்டரைக் கோடி.

இப்போது தராசைக் கையில் எடுப்போம். ஒரு தட்டில் ஊசியால் பிழைக்கும் குழந்தைகள். மறு தட்டில் ஊசிக்குப் போய் வந்ததால் கொரோனா தொற்றி இறப்போர். இப்படி நிறுத்துப் பார்க்கும் ஆய்வு ஒன்றை இலண்டன் நகரத்துச் சுகாதார வெப்பமண்டல மருத்துவப் பள்ளியினர் ஆப்பிரிக்க நாடுகளை வைத்துச் செய்தனர். 2020-இல் அது வெளிவந்தது. ஊசிக்குப் போய் வந்ததால் ஒருவர் கொரோனாவால் இறப்பாராயின், அதே ஊசிப்பணியால் 84 குழந்தைகள் சாவிலிருந்து காக்கப்படுவர் என்பது அவர்கள் கண்ட முடிவு. 84 என்ற எண்ணைச் செய்தித்தாள்கள் எடுத்து எழுதின. அதனருகே அடைப்புக்குறிக்குள் இருந்த எண்களை எழுதியவர் குறைவு. அந்த எண் 14 ஆகவும் இருக்கலாம், 267 ஆகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே குறித்திருந்தனர். தட்டம்மை ஒன்றால் வரும் சாவை மட்டும் நன்மைப் பக்கம் வைத்து, மற்றவற்றை விட்டுவிட்டுப் பார்த்தால் 84 என்பது 3 ஆகச் சுருங்கிவிடும் என்றும் சொல்லியிருந்தனர். புள்ளியியல் மாணவன் என்ற முறையில் என்னை மிகக் கவர்ந்தது இந்த நேர்மைதான்.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தி உண்டு. வீட்டிலுள்ள எல்லாரையும் சேர்க்காமல், ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தைக்கு மட்டும் என்ன நேரும் என்று பார்த்தால், 84 என்ற அந்த எண் ஆயிரக்கணக்கில் பெருகிப் பல்லாயிரம் ஆகிவிடுகிறது. ஏனெனில் கொரோனாவால் கைக்குழந்தை இறப்பது மிக அரிது. தட்டில் இருப்பது குழந்தையின் உயிர் அன்று. வீட்டில் இருக்கும் பாட்டியின் உயிர். நன்மை பேரனுக்கு, இடர் பாட்டிக்கு. இருவரையும் ஒரே எண்ணில் அடக்கிவிடக் கணக்குக்கு முடியும். குடும்பத்துக்கு முடியுமா? இதுவே இந்தச் சிக்கலின் நடு முடிச்சு என்று நான் கருதுகிறேன்.

ஆப்பிரிக்கக் கணக்கைப் பெங்களூருக்கு அப்படியே கொண்டுவருதல் தகாது. இங்கே வீடுகளில் முதியோர் மிகுதி. மருத்துவமனைகள் அருகில் உள்ளன. பெரும்பாலான குழந்தைகள் முன்பே ஊசி பெற்றிருந்ததால் தட்டம்மை பரவும் வேகமும் குறைவு. ஆதலின் நாமே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பின்வரும் எண்களுட் பல நான் எடுத்துக்கொண்ட அனுமானங்கள்; அளந்து கண்டவை அல்ல. இவற்றை மாற்றிப் போட்டுப் பார்க்க விரும்புவோர் தாராளமாகச் செய்யலாம். முறை விளங்குவதே முக்கியம்.

ஒன்பதாம் மாதத்தில் போடும் தட்டம்மை ஊசியை எடுத்துக்கொள்வோம். ஊசி பெறாத பத்து இலட்சம் குழந்தைகளுள் நூற்றில் ஒருவருக்கு ஓராண்டில் தட்டம்மை வரும் எனக் கொண்டால், பத்தாயிரம் பேருக்கு நோய் வரும். அவர்களுள் நூற்றில் ஒருவர் இறப்பதாக வைத்தால் நூறு சாவு. ஒன்பது மாதத்தில் போடும் ஊசி நூற்றில் ஏறக்குறைய 85 பேரைக் காக்கும். ஆகவே ஊசியால் தடுக்கப்படும் சாவு 85. இது நன்மைத் தட்டு.

இனி இடர்த் தட்டு. குழந்தையோடு தாய் ஒரு முறை மருத்துவமனை போய் வருவதால் கொரோனா தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று எனக் கொள்வோம். பத்து இலட்சம் பயணத்தில் ஆயிரம் பேருக்குத் தொற்று. வீட்டுக்கு வந்தபின் பாட்டிக்குப் பரவும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றானால் இருநூறு பாட்டிமார். அவர்களுக்கு வயது எழுபத்தைந்து எனக் கொண்டால், தொற்றியோருள் நூற்றுக்கு 4.6 பேர் இறப்பர். இந்த எண்ணை மட்டும் நான் அனுமானிக்கவில்லை. பல நாட்டுப் புள்ளிவிவரங்களைத் தொகுத்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வு தந்தது. அதே ஆய்வின்படி பத்து வயதுச் சிறுவனுக்கு இவ்வாய்ப்பு இலட்சத்தில் இரண்டே. ஆக, இருநூறு பாட்டிமாருள் இறப்போர் ஒன்பது பேர். 85-க்கு 9. தராசு ஊசியின் பக்கம் தெளிவாகச் சாய்கிறது.

ஆனால் தராசு எப்போதும் அப்படியே நிற்பதில்லை. ஊரில் நோய் மிகுந்து, ஒரு பயணத்தில் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்பது நூற்றில் ஒன்றாகிவிட்டால் என்ன ஆகும்? ஒன்பது என்பது தொண்ணூற்றிரண்டு ஆகும். நன்மைத் தட்டில் 85. இடர்த் தட்டில் 92. இப்போது என்ன செய்வது?

இவ்விடத்தேதான் பலர் தவறான கேள்வியைக் கேட்கின்றனர். போடலாமா, வேண்டாமா என்று கேட்கின்றனர். இன்று போடலாமா, ஐந்து வாரம் கழித்துப் போடலாமா என்பதே சரியான கேள்வி. 85 என்பது ஓராண்டு முழுவதும் ஊசி இல்லாமல் இருந்தால் வரும் இழப்பு. ஐந்து வாரம் தள்ளினால் இழப்பு அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு, அதாவது எட்டு. நோய் தணிந்தபின் போனால் பயணத்தின் இடர் பழையபடி ஒன்பது. இரண்டும் சேர்ந்து பதினேழு. உடனே போனால் தொண்ணூற்றிரண்டு. ஆகவே நோயின் உச்சியில், முதியவர் உள்ள வீட்டில், தட்டம்மை ஊசியைச் சில வாரம் ஒத்திப்போடுதல் அறிவுடைமையே. ஒத்திப்போடுதல் வேறு, விட்டுவிடுதல் வேறு.

நம் ஊரில் நடந்ததைப் பாருங்கள். 2020 ஏப்ரலில் மக்கள் மிக மிக அஞ்சினர். ஆனால் அப்போது பெங்களூரில் நாளொன்றுக்குக் கண்டறியப்பட்ட நோயாளிகள் ஒரு கைவிரல்களில், சில நாள் இரு கைவிரல்களில் அடங்கிவிடுவர். எல்லாம் அடங்கட்டும் என்று அப்போது ஊசியைத் தள்ளிப்போட்டவருக்கு அடுத்து வாய்த்தது சூலை. அந்த மாதத்தில் நோய் பெருகி, நகரத்துக்கு மட்டும் மீண்டும் ஒரு வாரம் ஊரடங்கு வந்தது. அதாவது, இடர் சிறிதாக இருந்த நாளை விட்டு, இடர் பெரிதான நாளுக்கு அவர்கள் மாறியிருந்தனர். 2021 ஏப்ரல் இதற்கு நேர் எதிர். அந்த மாத முடிவில் ஒரே நாளில் நகரத்தில் 26 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்குத் தொற்று கண்டறியப்பட்டது. அப்போது மக்களுக்கு ஊரடங்கு பழகிப்போயிருந்தது; முந்திய ஆண்டின் அச்சமும் குறைந்திருந்தது. ஏறிவரும் அலையின் அடிவாரத்தில் நிற்கும்போது விரைந்து போட்டுக்கொள்ளுதலும், உச்சியில் நிற்கும்போது சில வாரம் பொறுத்தலும் கணக்குக்குப் பொருந்தும். நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்தோம்.

ஆனால் பொறுத்தல் எல்லா ஊசிக்கும் ஒன்றுபோல் பொருந்தாது. பிறந்தவுடன் போடும் மஞ்சட்காமாலைத் தடுப்பூசி, அஃதாவது ஹெபடைடிஸ்-பி ஊசி, 24 மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும். தாயிடமிருந்து பிறப்பின்போது தொற்றிய குழந்தைகளுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அந்நோய் வாழ்நாள் முழுவதும் தங்கிவிடும். ஒரு வாரம் கழித்துப் போடும் ஊசி அதைத் தடுக்க உதவாது. முதல் போலியோச் சொட்டுக்கும் பதினைந்து நாள் எல்லை உண்டு. கக்குவான் இருமலோ முதல் சில மாதங்களில்தான் உயிரை மிகுதியாகப் பறிக்கிறது. ஆதலின் ஆறாம் வாரத்தில் போடும் ஐந்நோய்த் தடுப்பூசியை ஐந்து வாரம் தள்ளுவது, ஒன்றரை வயதில் போடும் ஊக்க ஊசியை ஐந்து வாரம் தள்ளுவது போன்றதன்று. நாட்கணக்கில் இரண்டும் ஒன்று, உயிர்க்கணக்கில் ஒன்றல்ல.

இக்கணக்கை நான் முதன்முதலில் போட்டது வகுப்பறையில் அன்று. என் அக்காள் குடும்பம் ஸ்ரீராமபுரத்தில் உள்ளது. 2020 சூலையில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அக்காளின் மாமியாரை நான் அத்தை என்று அழைப்பேன். அவருக்கு அப்போது எழுபத்தொரு வயது. சர்க்கரை நோய் உண்டு. இரண்டு அறை வீடு. குழந்தைக்கு ஆறாம் வார ஊசி ஆகஸ்டு இறுதியில் வந்தது. நகரில் நோய் குறையவில்லை. அக்காளின் கணவர், “அம்மா உடம்பை நினைத்தால் பயமாக இருக்கிறது, தீபாவளி கழியட்டும்” என்றார். நான் ஒரு தாளில் எண்களை எழுதிக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தாரே தவிர, கேட்டதாகத் தெரியவில்லை. அத்தைதான் பேசினார். “என் தம்பியை அம்மை கொண்டுபோனபோது எனக்கு ஏழு வயசு. குழி தோண்டுறதைப் பார்த்தவள் நான். என்னைக் காரணம் காட்டிப் பிள்ளைக்கு ஊசியை நிறுத்தாதே அப்பா. நான் வேண்டுமானால் பத்து நாள் பின் அறையில் இருந்துகொள்கிறேன், சோற்றை வாசலில் வைத்துவிடுங்கள்” என்றார்.

அவருடைய தம்பியைக் கொண்டுபோனது பெரியம்மை. தருமபுரிப் பக்கத்துச் சிற்றூரில், 1950-களில். அந்நோய் இந்தியாவில் 1975-க்குப் பின் இல்லை. அத்தை பின் அறைக்குப் போனார். பத்து நாள் அங்கேயே இருந்தார். பேத்திக்கு ஊசி போடப்பட்டது. என் தாளில் விடுபட்டிருந்த ஒன்றை அவர் நிரப்பினார் என்பேன். இடரை ஏற்கவேண்டியவர் தாமே முன்வந்து ஏற்பது ஒன்று. அவரைக் கேளாமலே மற்றவர் அவர் தலையில் வைப்பது மற்றொன்று. எந்த ஆய்வின் பட்டியலிலும் இதற்கு ஒரு நிரல் இல்லை. அத்தை செய்த இரண்டாவது செயலும் கவனிக்கத் தக்கது. என் கணக்கில் இருந்த ஐந்தில் ஒன்று என்ற எண்ணை, பின் அறைக் கதவைச் சாத்தியதன் மூலம் அவர் மிகச் சிறிதாக்கிவிட்டார். எண்ணைக் கண்டு அஞ்சுவதைவிட எண்ணை மாற்றிவிடுவது மேல்.

அதே குழந்தைக்கு ஒன்பதாம் மாத ஊசி 2021 ஏப்ரல் நடுவில் வந்தது. அப்போது நகரம் எந்நிலையில் இருந்தது என்று மேலே கூறினேன். இம்முறை பொறுக்கலாம் என்று நானே சொன்னேன், அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை. ஜூன் முதல் வாரத்தில் அலை இறங்கியதும் போட்டோம். இதற்கிடையே மூத்தோருக்குக் கொரோனா ஊசி அவ்வாண்டு மார்ச்சு முதல் நாளிலிருந்தே கிடைத்துவந்ததால், அத்தையும் ஓர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். பாட்டிக்கு ஊசி போடுவதும் பேத்தியின் ஊசிக்கு வழி திறப்பதே.

வழியின் இடரை மருத்துவமனைகளும் குறைக்கலாம், குறைத்தும் காட்டின. நேரம் குறித்துக் கொடுத்து ஒரு மணிக்கு இத்தனை குழந்தைகள் என வரையறுத்தல், மரத்தடியிலோ திறந்த கூடத்திலோ நாற்காலி போடுதல், குழந்தையுடன் ஒருவர் மட்டும் வரச் சொல்லுதல், காய்ச்சல் நோயாளிகளுக்கு வேறு வாயில் வைத்தல் ஆகியவை செலவில்லாதவை. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு, வெளியார் அறியாதது. தட்டம்மை மருந்துச் சீசா ஒன்றில் ஐந்து அல்லது பத்துக் குழந்தைகளுக்கான மருந்து இருக்கும். திறந்து கரைத்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். மல்கோவாலை நினைத்தால் இந்த விதியின் அருமை விளங்கும். கூட்டத்தைக் குறைத்து மூன்று குழந்தைகளை மட்டும் வரவழைத்தால் மீதி வீண். ஆகவே சில இடங்களில் செவிலியர், பத்துப் பேர் சேரட்டும், அடுத்த வாரம் வாருங்கள் என்று தாய்மாரைத் திருப்பி அனுப்பிவிடுவர். ஒரே ஒரு குழந்தை வந்தாலும் சீசாவைத் திறக்க வேண்டும் என்பதே அரசின் நெறி. மருந்து வீணாவதைக் கணக்கெடுப்போர் உண்டு. திரும்பிப் போன தாய் மறுபடியும் வந்தாளா என்று கணக்கெடுப்போர் அரியர்.

திரும்பி வராதவர்களுள் பெரும்பான்மையோர் யார்? பெங்களூரின் உயர்ந்த கட்டடங்களைச் சுற்றித் தகரக் கொட்டகைகளில் வாழும் கட்டடத் தொழிலாளரின் குழந்தைகளை எண்ணிப் பாருங்கள். ராய்ச்சூர், யாதகிரி, கலபுரகி மாவட்டத்தாரும், பீகார், ஒடிசா மாநிலத்தாரும், நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தாரும் அவர்களுள் உண்டு. 2020 மே மாதத்தில் அவர்கள் கூட்டங்கூட்டமாக ஊர் திரும்பினர். கர்நாடகத்தில் தாயி கார்டு எனப்படும் அட்டையில் குழந்தையின் ஊசி விவரம் எழுதப்பட்டிருக்கும். மூட்டை கட்டும் அவசரத்தில் அந்த அட்டை எங்கே போயிற்றோ! போன ஊரில் பட்டியலில் பெயர் இல்லை; இங்குள்ள பட்டியலில் பெயர் இருந்தும் ஆள் இல்லை. ஸ்ரீராமபுரத்துக் குழந்தைக்குத் தள்ளிப்போன ஊசி ஏழு வாரத்தில் கிடைத்துவிட்டது. கொட்டகைக் குழந்தைக்குத் தள்ளிப்போன ஊசி கிடைக்காமலே போகலாம். ஒத்திப்போடுதல் அறிவுடைமை என்று மேலே சொன்னேனே, அது அடுத்த வாரத்தைத் தன் கையில் வைத்திருப்பவனுக்கு மட்டும் பொருந்தும் அறிவுடைமை. நாளை எந்த ஊரில் இருப்போம் என்று அறியாதவருக்கு, கிடைத்த அன்றே போட்டுக்கொள்வதே கணக்கு.

கூர்ந்து படித்தவர் ஒரு தடை எழுப்பலாம். ஊரடங்கில் யாரும் வெளியே வரவில்லை; முகக்கவசம் வேறு; அப்போது தட்டம்மையும் பரவாதே, நூற்றில் ஒருவருக்கு வரும் என்றது மிகையன்றோ? உண்மைதான். 2020, 2021 ஆண்டுகளில் பல நாடுகளில் தட்டம்மை குறைந்தே காணப்பட்டது. ஆனால் நோய் குறைந்ததே தவிர, நோய்க்கு இரையாகக்கூடிய குழந்தைகளின் தொகை குறையவில்லை; கூடிக்கொண்டே வந்தது. தட்டம்மை கண்ட ஒருவரிடமிருந்து, காப்பில்லாதோர் நடுவே, 12 முதல் 18 பேருக்கு அது பரவும். அதைத் தடுத்து நிறுத்த நூற்றுக்கு 95 பேருக்குக் காப்பு வேண்டும். கதவுகள் திறந்தபோது கடன் வட்டியுடன் திரும்பி வந்தது. 2022 இறுதியில் மும்பையில் கோவண்டி முதலிய நெருக்கமான பகுதிகளில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் மாண்டனர். மத்திய அரசு அங்கு வல்லுநரை அனுப்பியது. நோய் பரவிய பகுதிகளில் ஒன்பது மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கூடுதலாக ஓர் ஊசி போடுவது பற்றி மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. அவ்வாண்டு இந்தியா முழுவதும் பதிவான தட்டம்மை 40 ஆயிரத்துக்கு மேல். உலகில் தட்டம்மையால் இறந்தோர் தொகை 2021-ஐவிட நூற்றுக்கு 43 பங்கு கூடி, 1,36,000 ஆயிற்று.

மற்றொரு நாட்டிலும் இதுவே நிகழ்ந்திருக்கிறது. காங்கோ நாட்டில் 2018 முதல் 2020 வரை எபோலா என்னும் கொடுநோய் பரவி 2,200-க்கு மேற்பட்டோர் இறந்தனர். உலகத்தின் கண் அதன்மேல் இருந்தது. அதே காலத்தில் அந்நாட்டில் தட்டம்மையால் இறந்தோர் ஆறாயிரத்துக்கு மேல். பெரும்பாலும் சிறு குழந்தைகள்.

விட்டுப்போன ஊசிகளைத் தேடிப்பிடித்துப் போட, இந்திரதனுஷ் எனப்படும் இயக்கம் 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் நடந்தது. 2022-இல் மூன்று முறையும் ஊசி பெற்றோர் நூற்றுக்கு 93 ஆக உயர்ந்தனர். இது 2019-ஐவிட மேல். புதிதாகப் பிறந்தோருக்கு இது பொருந்தும். இடையில் பிறந்தோரின் நிலை வேறு. அவர்களுள் விட்டுப்போனவர் தனியே தேடப்பட வேண்டியவர்.

விட்டுப்போன ஊசியை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நின்ற இடத்திலிருந்து தொடரலாம். காசநோய்த் தடுப்பூசியையும் ஐந்நோய்த் தடுப்பூசியின் முதல் முறையையும் ஓராண்டு நிறையும் வரை போடலாம். தட்டம்மை ஊசிக்கு ஐந்து வயது வரை இடமுண்டு. தொண்டை அடைப்பான், கக்குவான், இரணஜன்னி மூன்றுக்குமான இரண்டாம் ஊக்க ஊசி ஐந்திலிருந்து ஆறு வயதுக்குள் வரும். பள்ளியில் சேர்க்கும் வயதும் அதுவே. 2020 ஏப்ரலில் பிறந்த குழந்தைக்கு 2025 ஏப்ரலில் ஐந்து வயது நிறைந்தது. 2021 மே அலையின் உச்சியில் பிறந்ததற்கு 2026 மே மாதத்தில் நிறையும். பள்ளிச் சேர்க்கையின்போது பிறப்புச் சான்றிதழோடு தாயி கார்டையும் கேட்டு வாங்கி, 2020, 2021 என்று தேதியிட வேண்டிய கட்டங்கள் வெறுமையாக உள்ளனவா என்று பார்ப்பதற்கு ஓர் ஆசிரியருக்கு ஒரு நிமிடம் போதும்.